சிந்தாமணி இரகுநாதாச்சாரி

சிந்தாமணி இரகுநாதாச்சாரி (இறப்பு: பெப்ரவரி 5, 1880) 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வானியலாளர், பஞ்சாங்கக் கணிதர், அறிவியல் எழுத்தாளர் ஆவார். சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, அதன் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867ஆம் ஆண்டில் வலை விண்மீன் கூட்டத்தில் உள்ள ஆர் ரெட்டிகுலி என்னும் விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். தற்கால வானியல் முறையில் இந்தியர் ஒருவர் பெயரில் பதிவான முதல் விண்மீன் கண்டுபிடிப்பாக இது கருதப்படுகிறது. 1872இல் இலண்டனில் உள்ள அரச வானியல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மரபுவழிப் பஞ்சாங்கத்தை வானில் நேரடியாகக் காணும் நிலையுடன் ஒப்பிட்டுத் திருத்த முயன்றதும், கணிப்பின் அடிப்படைகளைப் பொதுமக்களுக்கு விளங்கும் வகையில் எழுதி வெளியிட்டதும் இவருடைய பிற முக்கியப் பணிகளாகும்.

பின்னணி

இரகுநாதாச்சாரி 1820களில் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அக்காலத்தில் பஞ்சாங்கக் கணிப்பு பெரும்பாலும் குடும்ப வழியாகக் கற்பிக்கப்பட்ட ஒரு கலையாக இருந்தது. திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து உறுப்புகளையும் ஆண்டு முழுமைக்கும் கணித்துத் தருவதே பஞ்சாங்கக் கணிதரின் தொழில். திருமணம், திருவிழா, நோன்பு, திதி கொடுத்தல் ஆகிய அனைத்துக்கும் மக்கள் இக்கணிப்பையே நம்பியிருந்தனர். எனவே, கணிப்பில் நேரும் சிறு பிழையும் வீட்டுச் சடங்கு முதல் கோயில் விழா வரை பாதிக்கக்கூடியதாக இருந்தது.

தமிழ்நாட்டில் பெரிதும் வழங்கியது வாக்கிய முறையாகும். இதில் சந்திரன் முதலிய கோள்களின் இருப்பிடங்கள் சிறு சொற்றொடர்களாக அமைக்கப்பட்டு மனப்பாடம் செய்யப்படும். கடபயாதி என்னும் முறைப்படி ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகின்றன. அத்தகைய ஒன்பது சுற்றுகள் கிட்டத்தட்ட 248 நாட்களில் முடிவதால், அந்த எண்ணிக்கை தேர்ந்தெடுக்கப்பட்டது. வாக்கியங்களை அறிந்த ஒருவர், தாளும் எழுதுகோலும் இன்றிச் சோழிகளைக் கொண்டே கிரகணத்தைக் கணித்துவிட முடிந்தது.

இம்முறையின் திறனை ஐரோப்பியர் இருவர் பதிவு செய்துள்ளனர். பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீய் 1768இல் புதுச்சேரிக்கு வந்தபோது, தமிழர் ஒருவரிடம் இக்கணிப்பைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறையில் கணித்தபோது 41 நொடிகளே குறைவாக வந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவில் சிறந்தவையாகக் கருதப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 நொடிகள் கூடுதலாகக் காட்டின. ஜான் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் வெளியிட்ட கால சங்கலித என்னும் நூலில், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைச் சோழிகளைக் கொண்டு கணித்த முறையை விரிவாக விளக்கினார். அக்கணிப்பில் கிரகணத் தொடக்கம் சில நிமிட வேறுபாட்டில் அமைந்தது. ஆனால், முடிவு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிழைபட்டது.

இவ்விரு பதிவுகளும் வாக்கிய முறையின் இரு பக்கங்களையும் காட்டுகின்றன. முறை விரைவானது, எளிதில் நினைவில் நிற்பது. ஆனால், அதன் அடிப்படை எண்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் நிறுவப்பட்டவை. எண்ணில் உள்ள மிகச் சிறிய பிழையும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருகும். இதனை முன்னோர் அறிந்தே இருந்தனர். கேரள வானியலாளர் பரமேசுவரர் பல ஆண்டுகள் கிரகணங்களைக் கண்டு குறித்து, 1431இல் திருக்கணிதம் என்னும் திருத்திய முறையை வகுத்தார். திருக் என்னும் சொல் காண்பதைக் குறிக்கும். கண்ணால் காண்பதற்கு ஒத்துவரும் கணிதம் என்பதே அதன் பொருள்.

சென்னை வானாய்வகம்

1786இல் வில்லியம் பெட்ரி என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் எழும்பூரில் தமது சொந்தச் செலவில் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். பின்னர் கம்பெனி அதனை ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்குவதற்காக அப்போது நிறுவப்பட்ட கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அத்தூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கல்வெட்டுகள் உள்ளன. தாமஸ் டெய்லர் இயக்குநராக இருந்தபோது, 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களைக் கொண்ட பட்டியல் 1844இல் வெளியிடப்பட்டது.

இரகுநாதாச்சாரி 1840களில் இவ்வாய்வகத்தில் பணியில் சேர்ந்தார். டெய்லர், ஜேக்கப், டெனன்ட் ஆகியோரின் காலங்களைத் தொடர்ந்து, 1861இல் நார்மன் போக்சன் பொறுப்பேற்றார். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்றும் பயன்படும் அளவுகோலை 1856இல் முன்மொழிந்தவர் போக்சனே. அவ்வளவுகோலின்படி ஐந்து பருமன் வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும். சென்னைக்கு வந்த அதே ஆண்டில் அவர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு ஆசியா எனப் பெயரிட்டார். போக்சனின் காலத்தில் இரகுநாதாச்சாரி முதல் உதவியாளர் ஆனார்.

வானாய்வகத்தின் முதன்மையான பணி 1862இல் பயன்பாட்டுக்கு வந்த உச்சிவட்டக் கருவியைச் சார்ந்திருந்தது. இது வடக்கு-தெற்குத் திசையில் மட்டும் மேலும் கீழும் திரும்பக்கூடிய தொலைநோக்கி ஆகும். ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் கடிகாரத்தைக் கொண்டும், அதன் உயரத்தைக் கருவியின் வட்ட அளவுகோலைக் கொண்டும் குறித்தால் அவ்விண்மீனின் இருப்பிடம் கிடைக்கும். பின்னர் வளிமண்டலம் ஒளியை வளைப்பது, கருவியின் சிறு சாய்வு, கடிகாரத்தின் பிழை ஆகியவற்றுக்கான திருத்தங்களைக் கையால் கணிக்க வேண்டும். இரவில் சில நிமிடங்களில் முடியும் ஒரு நோக்கீட்டுக்குப் பகலில் நீண்ட கணக்கு தேவைப்பட்டது. 1862 முதல் 1887 வரை நடைபெற்ற இப்பணியின் விளைவாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியல் உருவானது. முதல் உதவியாளர் என்ற முறையில் அப்பணியில் இரகுநாதாச்சாரிக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்நோக்கீடுகள் விண்மீன் பட்டியலுக்கு மட்டும் பயன்படவில்லை. வானாய்வகம் கணித்த சென்னை நேரமே 1870 முதல் இந்திய இரயில்வேயின் பொது நேரமாக வழங்கியது. 1906இல் இந்திய நிலையான நேரம் நடைமுறைக்கு வரும் வரை இரயில் கால அட்டவணைகளில் அதன் செல்வாக்கு நீடித்தது.

கணிப்புப் பணியில் பெண் ஒருவரும் பங்கேற்றார். போக்சனின் மகள் ஐசிஸ் போக்சன் 1873 முதல் வானாய்வகத்தில் கணிப்பாளராகப் பணியாற்றினார். 1886இல் அரச வானியல் சங்கத்துக்கு அவர் முன்மொழியப்பட்டபோது, பெண் என்பதால் ஏற்கப்படவில்லை. 1920இல்தான் அவர் உறுப்பினரானார்.

விண்மீன் கண்டுபிடிப்பு

சில விண்மீன்களின் ஒளி காலப்போக்கில் கூடிக் குறையும். இவை மாறொளிர் விண்மீன்கள் எனப்படுகின்றன. இவற்றைக் கண்டறிவதற்கு ஒரே விண்மீனைப் பல முறை நோக்கி, ஒவ்வொரு முறையும் குறித்த ஒளிப் பருமனைப் பழைய பதிவுகளுடன் ஒப்பிட வேண்டும். ஒருமுறை கண்ட விண்மீன் அடுத்த முறை மங்கியோ மறைந்தோ காணப்படுமாயின், பதிவில் பிழையா, வானில் மாற்றமா என்று முடிவு செய்ய வேண்டும். தமது பதிவுகளில் நம்பிக்கை உள்ளவர் மட்டுமே இதனைச் செய்ய இயலும்.

1867 ஜனவரியில் இரகுநாதாச்சாரி வலை விண்மீன் கூட்டத்தில் அத்தகைய விண்மீன் ஒன்றை அடையாளம் கண்டார். ஒரு விண்மீன் கூட்டத்தில் முதலில் பெயரிடப்படும் மாறொளிர் விண்மீனுக்கு ஆர் என்னும் எழுத்தை வழங்கும் மரபுப்படி அது ஆர் ரெட்டிகுலி எனப் பெயர் பெற்றது. இவ்விண்மீன் மீரா வகையைச் சேர்ந்த செம்பெரு விண்மீன் ஆகும். சுமார் 280 நாட்களுக்கு ஒருமுறை இதன் ஒளி உச்சத்தை அடைகிறது. அதன் மிகு ஒளி நிலைக்கும் மிகு மங்கல் நிலைக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு.

இக்கண்டுபிடிப்புக்குச் சென்னையின் இருப்பிடமும் துணைசெய்தது. ஆர் ரெட்டிகுலி வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 63 பாகையில் உள்ளது. சென்னையிலிருந்து நோக்கும்போது அது உச்சத்தை அடையும் வேளையிலும் தென் அடிவானத்துக்கு மேல் சுமார் 14 பாகை உயரத்திலேயே காணப்படும். ஐரோப்பிய வானாய்வகங்களிலிருந்து அதனைக் காணவே இயலாது. எனவே, சென்னையில் எடுக்கப்பட்ட பதிவுகள் உலக வானியலாளர்களுக்கு வேறிடத்தில் எளிதில் கிடைக்காதவையாக இருந்தன.

கிரகண ஆய்வுகள்

1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் இந்தியாவின் தென்பகுதியைக் கடந்து சென்றது. போக்சன் மசூலிப்பட்டினத்துக்குச் சென்றபோது, நிசாமின் ஆட்சிப்பகுதியில் இருந்த வனபர்த்திக்கு மற்றொரு குழு இரகுநாதாச்சாரியின் பொறுப்பில் அனுப்பப்பட்டது. ஐரோப்பியர் தலைமையில் இயங்கிய அரசு நிறுவனம் ஒன்றில் இந்திய உதவியாளர் ஒருவரிடம் தனி நோக்கீட்டு நிலையம் ஒப்படைக்கப்பட்டது அக்காலத்தில் அரிய நிகழ்வாகும். இக்கிரகணத்தின்போது சூரிய நிறமாலையில் காணப்பட்ட மஞ்சள் கோடு, பின்னர் ஈலியம் என்னும் தனிமம் அறியப்படுவதற்கு வழிவகுத்தது.

1871 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் அப்போதைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த அவிநாசியில் நோக்கிய குழுவிலும் அவர் இடம்பெற்றார். 1872 ஜூன் 6 அன்று நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தையும் ஆராய்ந்தார். 1872இல் அரச வானியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அச்சங்கத்தில் இடம்பெற்ற தொடக்ககால இந்தியர்களுள் அவர் ஒருவர்.

வெள்ளியின் சூரியக்கடப்பு பற்றிய நூல்

வெள்ளிக் கோள் சூரியனுக்கும் பூமிக்கும் நேர் நடுவே வரும்போது, சூரியனின் மீது ஒரு சிறு கரும்புள்ளியாக நகர்வதைக் காணலாம். இது எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்து, பின்னர் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிகழாது. பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து இதனை நோக்கி, சூரியனின் தொலைவைக் கணிக்கலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716இல் விளக்கினார். 1769இல் நிகழ்ந்த கடப்பைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்த லெ ழாந்தீய் மேகமூட்டத்தால் ஏமாற்றம் அடைந்தார். அடுத்த கடப்பு 1874 டிசம்பர் 9 அன்று நிகழவிருந்தது. அது இந்தியாவில் காணக்கூடியதாக இருந்தது.

அவ்வாண்டில் இரகுநாதாச்சாரி இந்நிகழ்வைப் பற்றிச் சிறுநூல் ஒன்றை எழுதினார். அது ஆங்கிலத்திலும், கன்னடம், உருது உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. வானியல் கருவியைக் கண்டிராத, ஆனால் பஞ்சாங்கத்தை நன்கறிந்த வாசகரை மனத்தில் கொண்டு, உரையாடல் வடிவில் அது அமைந்தது. மரபுக் கணிதம் அறிந்தவர் எழுப்பக்கூடிய ஐயங்களுக்குப் படிப்படியாக விடை தரப்பட்டது. புவி சூரியனைச் சுற்றிவருதல், கோள்களின் தொலைவு, கடப்பு நிகழும் காரணம் ஆகியன விளக்கப்பட்டன. கடப்பைப் போன்ற நிகழ்வை முன்கூட்டியே சரியாகக் கணிக்க முடிவது புதிய கணிப்பு முறையின் வலிமைக்குச் சான்றாக அமைந்தது.

இதே காலத்தில் விசாகப்பட்டினத்தில் ஏ. வி. நரசிங்க ராவ் தமது தனியார் வானாய்வகத்திலிருந்து இக்கடப்பை நோக்கிப் பதிவு செய்தார்.

திருக்கணிதப் பஞ்சாங்கம்

இரகுநாதாச்சாரி இரவில் வானாய்வகத்தில் கண்ட கோள்களின் இருப்பிடத்துக்கும், தமது குடும்பம் உட்படப் பலரும் பின்பற்றிய பஞ்சாங்கத்தில் கண்ட இருப்பிடத்துக்கும் இடையே வேறுபாடு இருந்தது. இரண்டையும் அறிந்த மிகச் சிலருள் அவர் ஒருவர். இங்கிலாந்தில் 1767 முதல் வெளிவந்த நாட்டிகல் அல்மனாக் என்னும் ஆண்டேட்டின் கணிப்புகளைத் துணைகொண்டு அவர் திருத்திய பஞ்சாங்கத்தை உருவாக்கினார். பரமேசுவரர் வழங்கிய பெயரின் வழியிலேயே அது திருக்கணிதப் பஞ்சாங்கம் எனப்பட்டது. சென்னையில் வெளியான அசைலம் பிரஸ் ஆண்டேட்டுக்கும் வானியல் கணிப்புகளை அளித்தார்.

நாட்டிகல் அல்மனாக் உருவான முறையும் குறிப்பிடத்தக்கது. அதன் தொடக்க காலத்தில் இங்கிலாந்தின் பல ஊர்களில் தத்தம் வீடுகளிலிருந்து பணியாற்றிய கணிப்பாளர்கள் அதன் அட்டவணைகளைக் கணித்தனர். ஒரே கணக்கை இருவர் தனித்தனியே செய்ய, மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை கண்டார். ஒருவரின் நினைவாற்றலையும் குடும்பப் புகழையும் நம்பிய கணிப்புக்கு மாறாக, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய கணிப்பாக அது அமைந்தது.

திருத்திய பஞ்சாங்கத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. முன்னோர் வகுத்த வாக்கியங்களை மாற்றுவது மரபுக்கு முரணானது என்று ஒரு சாரார் கருதினர். கணிதத்தை வானத்துடன் ஒப்பிட்டுத் திருத்துவதே மரபு என்று மறுசாரார் கருதினர். பஞ்சாங்கத்தை மாற்றுவது நோன்பு நாளையும் மாற்றுவதாகும் என்பதால், இக்கருத்து வேறுபாடு கணிதத்தோடு நிற்கவில்லை. இந்தியர்கள் வானியலை நேரடியாகப் பயில்வதற்குத் தனி வானாய்வகம் வேண்டும் என்றும் இரகுநாதாச்சாரி வலியுறுத்தினார். அவ்விருப்பம் அவருடைய வாழ்நாளில் நிறைவேறவில்லை.

மறைவும் பின்னரும்

இரகுநாதாச்சாரி 1880 பெப்ரவரி 5 அன்று காலமானார். அவருடைய மறைவுக்குப் பின்னும் திருக்கணிதப் பஞ்சாங்க மரபு தொடர்ந்தது. போக்சன் 1891இல் காலமானார். 1899இல் வானியல் ஆய்வுகளின் மையம் கொடைக்கானலுக்கு மாறியது.

விடுதலைக்குப் பின், மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, பஞ்சாங்கங்களுக்குத் தற்கால வானியல் கணிப்புகளையே அடிப்படையாகக் கொள்ளப் பரிந்துரைத்தது. அதன்படி அரசின் தேசியப் பஞ்சாங்கம் 1957 முதல் வெளிவருகிறது. எனினும், தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் இன்றும் ஒருங்கே வழக்கில் உள்ளன. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி 2026 மார்ச்சில் அமைந்தது. ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு கொண்ட இந்நிகழ்வு, இரகுநாதாச்சாரி சுட்டிக்காட்டிய சிக்கல் இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டுகிறது.

திறந்த மூல அறிவியல் மென்பொருள்களில் தொடர்ச்சி

இரகுநாதாச்சாரி கையால் செய்த பணிகளில் பலவற்றை இன்று கணினி மென்பொருள்கள் செய்கின்றன. அவற்றுள் குறிப்பிடத்தக்கவை திறந்த மூல மென்பொருள்கள் ஆகும். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம், பைத்தான் நிரல்மொழியில் 2011இல் தொடங்கப்பட்ட வானியல் நிரல்தொகுப்பான ஆஸ்ட்ரோபை ஆகியவற்றின் மூல நிரல்களை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். கோள்களின் இருப்பிடம், கிரகணம், வெள்ளியின் சூரியக்கடப்பு ஆகியவற்றை இவற்றைக் கொண்டு சில நொடிகளில் கணிக்க இயலும். வளிமண்டல ஒளிவிலகல் போன்ற, உச்சிவட்டக் கருவியின் நோக்கீடுகளுக்குக் கையால் செய்யப்பட்ட திருத்தங்களும் இவற்றில் நிரல்களாக உள்ளன.

இத்தகைய திட்டங்களுக்குப் பங்களிப்பவர் அனைவரும் நிரலாளர் அல்லர். கணித்த விடையை உண்மை நோக்கீட்டுடன் ஒப்பிட்டுப் பிழையைத் தெரிவிப்போர், புதிய தரவுகளைச் சேர்ப்போர், பயன்பாட்டு விளக்கம் எழுதுவோர், பிற மொழிகளுக்கு மாற்றுவோர் ஆகியோரும் பங்களிப்பாளர்களே. பஞ்சாங்கத்தை வானுடன் ஒப்பிட்டுத் திருத்தியது, பொது விண்மீன் பட்டியலுக்கு நோக்கீடுகளைச் சேர்த்தது, கடினமான கணிப்பை எளிய உரையாடலாக எழுதியது, அதனைப் பல மொழிகளில் வெளியிடச் செய்தது என இந்நான்கு வகைப் பணிகளுக்கும் இரகுநாதாச்சாரியின் வாழ்வில் இணையான பணிகளைக் காணலாம்.

மாறொளிர் விண்மீன் ஆய்விலும் இத்தொடர்ச்சி உள்ளது. 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்குநர் சங்கம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் நோக்கீடுகளைத் திரட்டி எவரும் பயன்படுத்தும் வகையில் வழங்குகிறது. நல்ல இருகண் நோக்கியும் விண்மீன் வரைபடமும் உடைய மாணவர் ஒருவர் இதில் பங்கேற்கலாம். ஆர் ரெட்டிகுலி தனது உச்ச ஒளியில் இருகண் நோக்கிக்கு எட்டக்கூடியது. தமிழ்நாட்டில் டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில், மேகமும் நகர விளக்கொளியும் இல்லாத தென் அடிவானம் கிடைக்கும் இடத்திலிருந்து அதனைத் தேடலாம்.